ஏற்காட்டில் பழைய எஸ்டேட் ஜீப் பார்க்கப் போனவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

அம்மாபேட்டை வாசி:

மச்சானுக்குப் பழைய மஹிந்திரா ஜீப் ஒன்று வேண்டுமாம். மிளகு மூட்டை ஏற்ற, தோட்டத்து மண் ரோட்டில் ஓட்ட, எப்போதாவது சேலம் இறங்கி வர. மழை விட்டதிலிருந்து மலையில் வண்டி பார்த்துக்கொண்டிருக்கிறோம். நாகலூர் பக்கம் பார்த்த மஹிந்திரா எம்எம் 540 ஜீப் பற்றி மட்டும் விரிவாக எழுதுகிறேன். மற்றதெல்லாம் தூரத்தில் பார்த்ததுமே திரும்பி வரவேண்டிய வண்டிகள்.

"நாங்க வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்கண்ணா" என்று முந்தின நாளே போனில் சொல்லியிருந்தோம். போனதும் மச்சான் பானட்டில் கை வைத்தான். நல்ல சூடு. கேட்டால், "சும்மா நகர்த்தி வெச்சேன்" என்றார் ஓனர். அதில் இருப்பது 2.1 லிட்டர் பியூஜோ டீசல் எஞ்சின். குளிரில் எஞ்சினைச் சூடாக்கி ஸ்டார்ட் ஆக வைக்கிற ஹீட்டர் பிளக் வேலை செய்கிறதா, சிலிண்டருக்குள் காற்றை அழுத்துகிற கம்ப்ரஷன் இறங்கிவிட்டதா என்பதெல்லாம் காலைக் குளிரில் முதல் ஸ்டார்ட்டில்தான் தெரியும். சூடேறிய எஞ்சின் யாருக்கும் நல்ல பிள்ளைதான்.

சரி, எஞ்சினை விடுங்கள், அதை எப்போது வேண்டுமானாலும் இறக்கி வேலை பார்க்கலாம். பின்னால் புது ரப்பர் மேட் விரித்திருந்தார்கள். தூக்கினால் புதுத் தகடு, புது வெல்டிங். தகடு பக்கச்சுவரோடு சேரும் மூலையில் நீலமும் பச்சையுமாக ஒரு கறை. காப்பித் தோட்டம் வைத்திருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, மயில்துத்தம், அதாவது காப்பர் சல்பேட். இலைத்துரு நோய்க்குத் துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை அடிக்கிற தோட்டங்களில் துத்தம், சுண்ணாம்பு, உர மூட்டை எல்லாம் ஜீப்பில்தான் ஏறும். துத்தத் தண்ணீர் பட்ட இரும்பு சும்மா இருக்காது. கீழே படுத்து, ஸ்குரூ டிரைவர் நுனியால் சேஸைக் குத்திக்கொண்டே வந்தேன். கருப்புப் பெயிண்டோடு துரு செதில் செதிலாக உதிர்ந்தது. பின் ஸ்பிரிங்கைச் சேஸோடு இணைக்கிற ஷாக்கிள் மாட்டியிருக்கும் இடத்தில் நுனி உள்ளேயே போய்விட்டது.

"எஸ்டேட் வண்டி துரு இல்லாம இருக்குமா தம்பி" என்று விலையைக் குறைத்தார். டீ வாங்கிக் கொடுத்தார், நல்ல மனிதர்தான். வண்டி வேண்டாம் என்று வந்துவிட்டோம்.

கொண்டலாம்பட்டி ஷெட்:

எஸ்டேட் ஜீப்பில் கிலோமீட்டர் மீட்டரைப் பார்ப்பதில் அர்த்தமே இல்லை. பாதி வண்டியில் கேபிளே இருக்காது. ஓடிய தூரம் குறைவு, ஆனால் ஓடியதெல்லாம் லோ கியரில், சுமையோடு. அதனால் தேய்மானம் முன் ஆக்சிலிலும், முன் பின் சக்கரங்களுக்கு இழுவையைப் பிரித்துக் கொடுக்கிற டிரான்ஸ்ஃபர் கேஸிலும் இருக்கும். முன் வீலை ஜாக்கியில் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் வீல் பேரிங் அல்லது சக்கரம் திரும்புகிற அச்சான கிங் பின். இடம் வலமாக ஆட்டினால் மட்டும் ஆட்டம் என்றால் பெரும்பாலும் இரண்டு முன் சக்கரத்தையும் சேர்த்துத் திருப்புகிற டை ராடு, அது சின்னச் செலவு. முன் சக்கரத்துக்குப் பின்னால் உருண்டையாக இருக்கிற நக்கிளைத் துணியால் துடைத்துவிட்டு, ஓட்டி வந்து மறுபடி பாருங்கள். ஆயில் வழிந்திருந்தால் சீல் போய்விட்டது.

உயரமான பானட் வைத்த பழைய சிஜே 3பி, மூன்று கியர் வண்டி என்றால் இன்னொன்று. கியர் பாக்ஸ் ஆயில் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள் இறங்கிவிடும். இரண்டு லெவல் பிளக்கையும் கழற்றிப் பார்க்க வேண்டும். ஒன்று வழிந்து இன்னொன்று வறண்டிருந்தால் நடு சீல் காலி. முதல் கியர் ஓடும்போது விழவில்லை என்று பேரம் பேசாதீர்கள், ஓடும்போதே கியர் சுலபமாக விழ வைக்கிற சின்க்ரோ அதில் கிடையாது, அது அப்படித்தான்.

போன மாதம் ஒருவர் ஃபோர் வீல் நன்றாக வேலை செய்கிறது என்று காட்ட, தார் ரோட்டிலேயே லிவரைப் போட்டு ஹேர்பின்னில் திருப்பினார். டயர் தேய்த்துக்கொண்டே போனது, அப்புறம் லிவர் எடுக்க வரவில்லை. இந்த வண்டிகளில் முன் சக்கரமும் பின் சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடுகிற டிஃபரன்ஷியல் நடுவில் இல்லை. ஈர மண்ணில், ஏற்றத்தில், பின்னால் ஆள் ஏற்றிப் போட்டுப் பாருங்கள். லோ கியரில் ஆக்ஸிலேட்டரை விட்டதும் லிவர் தானாக வெளியே குதித்தால் உள்ளே செலவு காத்திருக்கிறது.

நாலுரோடு:

ஷெட் அண்ணன் சொன்னதெல்லாம் சரி, ஆனால் நான் பேப்பரைப் பார்த்த பிறகுதான் வண்டியையே பார்ப்பேன். சேஸ் நம்பரை பென்சிலால் தேய்த்துப் பிரிண்ட் எடுத்து ஆர்.சி.யோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். நான் பார்த்த ஒன்றில் ஆர்.சி.யில் பெட்ரோல், பானட்டுக்குள் டீசல். அந்த மாற்றம் ஆர்.சி.யில் ஏறவே இல்லை. இன்னொன்றில் ஆர்.சி. இறந்துபோன தாத்தா பெயரில், வாரிசுகள் மூன்று ஊரில்.

15 வருடம் முடிந்த வண்டிக்குப் பதிவை ஐந்து ஐந்து வருடமாகப் புதுப்பித்திருக்க வேண்டும். தோட்டத்துக்குள்ளேயே ஓடியதால் பலர் அதைத் தொடுவதே இல்லை. அரசு ஏலத்தில் எடுத்த ஜீப் என்றால் கூடுதல் கவனம்: 15 வருடம் தாண்டிய அரசு வண்டிகளுக்கு 2023 ஏப்ரலிலிருந்து புதுப்பிப்பு கிடையாது. 50 வருடம் தாண்டிய வண்டிக்கு 2021 விதிப்படி வின்டேஜ் பதிவு உண்டு. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும். ஆனால் கண்காட்சி, ராலி போன்றவற்றுக்குத்தான் ரோட்டில் எடுக்கலாம். மிளகு மூட்டைக்கு ஆகாது.

நாகலூர் காப்பி:

துரு என்றாலே வேண்டாம் என்றால் மலையில் உங்களுக்கு ஜீப்பே கிடைக்காது. தரைத்தகடு, மட்கார்டு எல்லாம் போனால் போகட்டும், டிங்கரிங் பார்த்துக்கொள்ளலாம். ஸ்பிரிங் பிடிக்கும் இடம், ஸ்டியரிங் பாக்ஸ் போல்ட் ஆகும் இடம், இந்த இரண்டிலும் சேஸ் கெட்டியாக இருக்க வேண்டும். அம்மாபேட்டைக்காரர் விட்டுவந்தது சரிதான்.

பிரேக்கை யாரும் சொல்லவில்லையே! நாலு சக்கரமும் டிரம். சேலம் ரோட்டில் 20 ஹேர்பின்னும் ஓனரையே ஓட்டச் சொல்லி இறங்குங்கள், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து அவர் காலைப் பாருங்கள். பெடலை இரண்டு முறை மிதித்துத்தான் பிடிக்கிறார் என்றால் பிரேக் வேலைச் செலவுக்குக் கணக்குப் போட ஆரம்பிக்கலாம்.

அம்மாபேட்டை வாசி:

நன்றி அண்ணா. ஞாயிறு வெள்ளக்கடைப் பக்கம் ஒரு சிஜே 3பி பார்க்கப் போகிறோம். பேப்பர் வாட்ஸப்பில் வந்துவிட்டது, பெயர் ஒன்றுதான், புதுப்பிப்பும் இருக்கிறது. கொண்டலாம்பட்டி அண்ணன் கூட வந்தால் போகவர வண்டியும் சாப்பாடும் என் பொறுப்பு.