மறுமொழி: எத்திக்ஸ் கமிட்டிக்குத் தமிழில் என்ன?

ஐயாவுக்கும் குழும நண்பர்களுக்கும் வணக்கம். மனிதர்களிடம் நடத்தும் மருத்துவ ஆய்வுகளைப் பரிசீலித்து ஒப்புதல் தரும் எத்திக்ஸ் கமிட்டிக்கான தமிழ்ச்சொல் பற்றி நீங்கள் கேட்டவற்றுக்கு என் பதில்.

> "நெறிமுறைக் குழு" ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே, எதற்குப் புதுச்சொல்?

புழங்குவது உண்மைதான். ஆனால் மருந்துச் சோதனையில் சேரும் நோயாளி கையெழுத்திடும் ஒப்புதல் படிவங்களைத் தமிழாக்கும்போது சிக்கல் வருகிறது. ஆய்வை எப்படி நடத்துவது என்று எழுதிவைக்கும் புரோட்டோகால் என்றாலும் நெறிமுறை, கைடுலைன்ஸ் என்றாலும் வழிகாட்டு நெறிமுறை, எத்திக்ஸ் என்றாலும் நெறிமுறை. "இந்த ஆய்வு நெறிமுறையை வழிகாட்டு நெறிமுறைகளின்படி நெறிமுறைக் குழு ஏற்றுள்ளது" என்று எழுதினால் இலக்கணப்படி சரி. படிக்கிறவருக்கு ஒன்றும் பிடிபடாது.

அதே படிவத்தில் அந்தக் குழுவைத் தொடர்புகொள்ளும் எண்ணும் இருக்கும். மருந்து ஒத்துக்கொள்ளவில்லை, கேட்டால் ஆய்வு மருத்துவர் மழுப்புகிறார் என்றால் நோயாளி கூப்பிட வேண்டிய எண் அது. எதற்கான குழு என்றே விளங்காவிட்டால் யார் கூப்பிடுவார்கள்? எனக்கு இதுதான் பெரிய கவலை.

> அமெரிக்காவில் ரிவ்யூ போர்டு என்கிறார்கள். "ஆய்வு மதிப்பீட்டுக் குழு" போதாதா?

அது செய்யும் வேலையை வைத்து வந்த பெயர். பிரான்சில் யாரைக் காக்கிறது என்பதை வைத்து, மனிதர்களைக் காக்கும் குழு என்ற பொருளில் பெயரிட்டிருக்கிறார்கள். எனக்கு அது ரொம்பப் பிடித்திருக்கிறது. மதிப்பீடு என்றால் ஆய்வின் அறிவியல் தரத்தை மட்டும் பார்ப்பதாகப் படும். இந்தக் குழு அதையும் தாண்டி, இவரிடம் இந்தச் சோதனையைச் செய்வது நியாயமா என்று கேட்க வேண்டியது. இந்தியாவின் 2019 மருந்துச் சோதனை விதிகளில் குறைந்தது 7 உறுப்பினர், அவர்களில் பாதிப்பேராவது அந்த நிறுவனத்தைச் சேராத வெளியாட்கள், தலைவரும் வெளியாள், சட்டம் தெரிந்த ஒருவர், பெண் ஒருவர் என்று வைத்திருப்பதெல்லாம் அதற்காகத்தான். சோதனையில் உயிர் போனால் இழப்பீடு குறித்து 30 நாளுக்குள் கருத்துச் சொல்வதும் இவர்கள் பொறுப்பு.

அப்போது ஆந்திரத்தில் இருந்த, இப்போது தெலங்கானாவில் உள்ள கம்மம் மாவட்டத்தை நினைத்துப் பாருங்கள். 2009-10இல் கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் ஹெச்.பி.வி. தடுப்பூசி ஆய்வில் பழங்குடிச் சிறுமிகளையும் சேர்த்தார்கள். பெற்றோர் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பல படிவங்களில் விடுதிக் காப்பாளர்கள் போட்டிருந்தார்கள். 2013இல் நாடாளுமன்ற நிலைக்குழு இதைக் கடுமையாகக் கண்டித்தது. படிவங்களும் கையெழுத்துகளும் இருக்கத்தான் செய்தன. அங்கே மீறப்பட்டதற்கு அறம் என்பதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை.

ஆகவே என் பரிந்துரை: ஆராய்ச்சி அறக்குழு.

"ஆய்வறக் குழு" இன்னும் சுருக்கம்தான். ஆனால் தொலைபேசியில் சொல்லிப் பாருங்கள், ஆய்வறை என்றே காதில் விழும். "அறநெறிக் குழு" என்றால் இலங்கை நண்பர்களுக்குச் சமயம் கற்பிக்கும் அறநெறிப் பாடசாலை நினைவுக்கு வரும், சமயக் குழுவோ என்று தோன்றும். அறக்குழு என்று தனியாக விட்டால் கோயில் அறங்காவலர் குழுவோடு குழம்பலாம்; ஆராய்ச்சி என்பதை எப்போதும் முன்னால் சேர்த்தால் அந்தக் குழப்பம் இல்லை. நிறுவனத்தைச் சேர்த்துச் சொல்ல வேண்டிய இடத்தில் "நிறுவன ஆராய்ச்சி அறக்குழு".

அப்புறம், புரோட்டோகாலுக்கு "ஆய்வுத் திட்டம்", கைடுலைன்ஸுக்கு "வழிகாட்டுதல்கள்" என்று வைத்துக்கொண்டால் மூன்றும் தனித்தனியாக நிற்கும். மேலே சொன்ன வாக்கியம் "இந்த ஆய்வுத் திட்டத்தை வழிகாட்டுதல்களின்படி ஆராய்ச்சி அறக்குழு ஏற்றுள்ளது" என்று ஆகிவிடும்.

இன்னொன்றுக்கும் உங்கள் யோசனை வேண்டும். குழுவில் மருத்துவமோ அறிவியலோ சாராத ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். படிவம் சாதாரண மனிதருக்குப் புரிகிறதா என்று பார்த்துச் சொல்லக்கூடியவர் அவர். அவரைப் "பாமரர்" என்று எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை. இப்போதைக்கு "பொதுமக்கள் உறுப்பினர்" என்று எழுதி வைத்திருக்கிறேன். இதைவிட நல்லது தோன்றினால் சொல்லுங்கள்.