புதுப்பிப்பு: அப்பாவின் படிவம் 4

அப்பாவின் இறப்புக்குக் காரணமாக மருத்துவமனை தரும் இறப்புக் காரணச் சான்றான படிவம் 4இல் 'இதயமும் மூச்சும் நின்றன' என்று மட்டும் இருந்ததைப் போன மாதம் எழுதியிருந்தேன். மாற்ற முடியுமா என்றும் கேட்டிருந்தேன். முடிந்தது.

மருத்துவ ஆவணப் பிரிவுக்கு மூன்று நடை. கடைசியில் அப்பாவைப் பார்த்த டாக்டரே கேஸ் ஷீட்டை வரவழைத்தார். அன்று இரவுப் பணியிலிருந்த பயிற்சி மருத்துவர் அவசரத்தில் நிரப்பியதாம். அந்தப் படிவத்திலேயே, இறக்கும் விதத்தை எழுதாதே, நோயை எழுது என்று அச்சிட்டிருக்கிறது! இதயம் நிற்காமல் யார்தான் சாகிறார்கள்?

இப்போது முதல் பகுதியில் (அ) செப்சிஸ் (கிருமித்தொற்று உடலெங்கும் பாதித்த நிலை), (ஆ) காலில் அழுகிய புண், (இ) சர்க்கரை நோய். இரண்டாம் பகுதியில், துணைக் காரணமாக, ரத்தக்கொதிப்பு. முதல் பகுதியின் அடிவரியான சர்க்கரை நோய்தான் முக்கியம், மற்றவற்றைத் தொடங்கிவைத்தது அதுதான். புள்ளிவிவரத்தில் பொதுவாக ஏறுவது அந்த அடிப்படைக் காரணம்தான். பழைய தாளின்படி அப்பா சர்க்கரைக் கணக்கிலேயே வந்திருக்க மாட்டார். இந்தியாவில் 2020இல் பதிவான இறப்புகளில் 22.5 சதவீதத்துக்குத்தான் மருத்துவச் சான்று இருந்தது. அதிலும் இப்படி எத்தனையோ.

அப்புறம், நிறையப் பேர் கேட்டது: பதிவாளர் தரும் இறப்புச் சான்றிதழில் காரணம் இருக்காது, 1969ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படியே அப்படித்தான். காரணம் உள்ள படிவத்தின் நகலை மருத்துவமனை நெருங்கிய உறவினருக்குத் தர வேண்டும் என்பது 2023 திருத்தம். கட்டணம் கிடையாது. என்னிடம் ஜெராக்ஸுக்கு இருபது ரூபாய் வாங்கினார்கள், சரி போகட்டும்.

அம்மா புதுத் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "அந்தச் செருப்புக் கடி புண்ணா?" என்று மட்டும் கேட்டாள்.