ஸ்லோ குக்கர்ல பீஃப் ரோஸ்ட்: 8 மணி நேரம் ஆகியும் வேகல, அவசரம்!

லவ்டேல்_லாந்தர் (மாலை 3:10)
காலைல 7 மணிக்கு ஸ்லோ குக்கர்ல (பீங்கான் பாத்திரம் வச்சு, குறைஞ்ச சூட்டுல மணிக்கணக்கா வேக வைக்கிற கரண்ட் குக்கர்) வச்சது. குறிப்புல 8 மணி நேரம்னு போட்டிருந்துச்சு. கத்தி இறங்குது, பல்லு இறங்கல. ராத்திரி 8 மணிக்கு ஆளுங்க சாப்பிட வராங்க. சீக்கிரம் சொல்லுங்க ப்ளீஸ்.

கேத்தி_கேரட்
எந்தக் கறி? தொடையா, முன்னந்தோளா? எத்தனை கிலோ, முழுசா துண்டா? லோவா ஹையா? ஃப்ரீசர்லேர்ந்து எடுத்து அப்படியே வச்சீங்களா?

வோல்ட்_ராசு
வீட்டுல வோல்டேஜ் எவ்ளோ? 230க்கு பதிலா 185 வந்தா 200 வாட் குக்கர் 130 வாட்டுதான் இழுக்கும். மூணுல ஒரு பங்கு சூடு போச்சு. ஃப்ரிட்ஜ் ஸ்டெபிலைசர் இருந்தா அதுல மாட்டிப் பாருங்க.

மலைக்காத்து
உயரம்தான் காரணம். நம்ம ஊட்டிப் பக்கம் 2,200 மீட்டர்ல தண்ணி 92, 93 டிகிரியிலயே கொதிச்சிடும். வெளியூர் குறிப்புல "உள்சூடு 96 வரட்டும்"னு இருக்கும். அந்த 96க்கு காத்திருந்தா இங்க விடிஞ்சாலும் வராது.

பழைய_கரண்டி
இதே கேள்வி மாசத்துக்கு ஒண்ணு வருது, தேடிப் பாக்கத்தான் ஆளில்ல. மெஷின் வாங்கறதுக்கு முன்னாடி கறி வாங்கக் கத்துக்கணும் தம்பி. பிரஷர் குக்கர்ல 6 விசில், வேலை முடிஞ்சுது.

மலைக்காத்து
கரண்டி அண்ணே, விசில் கணக்கு குக்கருக்கு குக்கர் மாறும். வெயிட் அதேதான், ஆனா வெளிக்காத்தோட அழுத்தம் இங்க குறைவு. கீழ 121 டிகிரி வர்ற குக்கர்ல இங்க 117 கிட்டதான் வரும். நிமிஷக் கணக்கு வச்சு, அதுலயும் கொஞ்சம் கூட்டணும்.

பழைய_கரண்டி
நாலு டிகிரிக்கு இவ்வளவு பாடமா? ஊர்ல யாரும் தெர்மாமீட்டர் வச்சு சமைக்கல.

மலைக்காத்து
அதனாலதான் "6 விசில் விட்டேன், வேகல"ன்னு தனியா ஒரு இழை ஓடுது.

கேத்தி_கேரட்
சண்டை அப்புறம். லாந்தர், இதை மட்டும் சொல்லுங்க: இழுத்தா ரப்பர் மாதிரி இழுக்குதா, இல்ல நார் நாரா பிரிஞ்சு சக்கையா இருக்கா? ரப்பர்னா சவ்வு இன்னும் கரையல, நேரம் பத்தல. சக்கைன்னா கொழுப்பில்லாத கறி, நேரம் கூடிப்போச்சு. அது திரும்பாது, மெல்லிசா வெட்டி குழம்புல ஊற வைக்கலாம்.

லவ்டேல்_லாந்தர் (3:40)
ரப்பர். முன்னந்தோள், ஒன்றரை கிலோ, ஒரே கட்டி. ஃப்ரிட்ஜ்ல கீழ்த்தட்டுல இருந்தது, உறையல. லோ. தண்ணி அரை கப். அரை மணிக்கு ஒரு தடவை திறந்து பாத்தேன்.

கேத்தி_கேரட்
அங்கதான் போச்சு. ஒரு தடவை திறந்தா விட்ட சூட்டைப் பிடிக்க 20, 30 நிமிஷம் ஆகும். அரை மணிக்கு ஒரு தடவைன்னா அது வேகவே ஆரம்பிச்சிருக்காது. கறி சரியான கறிதான், கரண்டி அண்ணன் சொன்னதை விடுங்க.

இப்ப செய்ய வேண்டியது:
கட்டியை நாலு விரல் தடிமனுக்கு மூணு துண்டா போடுங்க. ஒரு கப் தண்ணியைத் தனியா கொதிக்க வச்சு ஊத்துங்க. பீங்கான் இப்ப சூடா இருக்கு, அதனால கொதிதண்ணி ஊத்தலாம், பச்சைத்தண்ணி ஊத்தினா விரிசல் விடும். ஹைல வச்சு மூடுங்க. 6:30 வரைக்கும் கை வைக்கக் கூடாது. குக்கர் கிரானைட் மேடையில இருந்தா ஒரு மரப்பலகையை அடியில குடுங்க, ஜன்னல் பக்கமும் வேண்டாம்.

6:30க்கு ஃபோர்க்கைக் குத்தி திருப்புங்க. தடையில்லாம சுத்தினா ரெடி. முரண்டு பிடிச்சா மொத்தத்தையும் பிரஷர் குக்கருக்கு மாத்தி 25 நிமிஷம். (அண்ணனுக்கும் ஒரு வாய்ப்பு இருக்கட்டும்.)

கறியை எடுத்து 15 நிமிஷம் ஆற விட்டு நாருக்குக் குறுக்கே வெட்டுங்க. சாறை அடுப்புல வத்த வச்சு, ஒரு ஸ்பூன் கார்ன்ஃப்ளாரை ரெண்டு ஸ்பூன் பச்சைத்தண்ணியில கரைச்சு விட்டா கிரேவி.

பீன்ஸ்_பிரியை
கூடவே ஊற வச்ச சிகப்பு பீன்ஸ் ஒரு கைப்பிடி போட்டா ரெண்டு வேலையும் ஆயிடுமே?

வோல்ட்_ராசு
வேண்டாம்க்கா. பச்சை சிகப்பு பீன்ஸ்ல லெக்டின்னு ஒரு நஞ்சு இருக்கு. நல்லா கொதிச்சாதான் அது போகும், ஸ்லோ குக்கர் சூடு பத்தாது. வாந்தி பேதிதான். பிரஷர் குக்கர்ல தனியா வேக வச்சு கடைசியில சேருங்க.

கேத்தி_கேரட்
உருளை, கேரட் வேணும்னா அடியில, கறி மேல. தக்காளியோ வினிகரோ ஊத்தியிருந்தா காய் வேக இன்னும் லேட் ஆகும். அடுத்த தடவை இங்க லோன்னா 10லேர்ந்து 12 மணி நேரம், இல்ல முதல் ஒரு மணி ஹைல வச்சிட்டு லோவுக்கு மாத்துங்க.

பழைய_கரண்டி
ஆரம்பத்துலயே கடாயில சுட்டிருந்தா சாறு உள்ளயே பூட்டியிருக்கும்.

மலைக்காத்து
பூட்டாது அண்ணே. சுடறது நிறத்துக்கும் வாசனைக்கும்தான், சாறு எப்படியும் இறங்கும்.

லவ்டேல்_லாந்தர் (இரவு 7:05)
ஃபோர்க் சுத்துது. நன்றி அக்கா. பீன்ஸ் போடல.

வோல்ட்_ராசு
வோல்டேஜ் எவ்வளவுன்னு கடைசி வரைக்கும் சொல்லலயே?