பழைய டீசல் பிக்கப் லோடில் மட்டும் ஹீட் ஆகுது: ஹெட்டைக் கழற்றும் முன்னாடி எதையெல்லாம் பார்க்கணும்?

மாதவரம்_பிக்கப்:

2009 மாடல், 2.5 லிட்டர் டீசல் பிக்கப், ஏசி கிடையாது. ஃபேன் பெல்ட்டில் சுத்துற டைப், நடுவில் விஸ்கஸ் கப்ளிங் (சூடு ஏறினா ஃபேனை இறுக்கிப் பிடிச்சுச் சுத்த வைக்கிறது). ரேடியேட்டர் பழைய செம்பு-பித்தளை.

கோயம்பேட்டில் காய்கறி ஒரு டன் ஏத்திட்டு பைபாஸில் பெருங்களத்தூர் பக்கம் 60-65ல் போனா டெம்பரேச்சர் முள் பாதியைத் தாண்டி சிவப்பு வரைக்கும் ஏறுது. பாலம் ஏறும்போது ரொம்ப மோசம். வேகத்தை 40க்குக் குறைச்சா இறங்கிடுது. காலி வண்டியில் பிரச்சினை இல்லை. வடபழனி டிராஃபிக்கில் ஸ்லோவில் நின்னாலும் ஏறலை.

ரேடியேட்டரில் வாரத்துக்கு அரை லிட்டர் போல குறையுது. கீழே சொட்டின தடம் எதுவும் இல்லை. ஆனா பக்கத்துல இருக்கிற பாட்டில் எப்பவும் நிறைஞ்சே இருக்கு. ஆயில் சுத்தமா இருக்கு, பால் கலர் இல்லை. சைலன்சரில் வெள்ளைப் புகையும் இல்லை. முந்தின ஓனர் கூலன்ட்டே ஊத்தாம போர் தண்ணியில ஓட்டியிருக்கார்.

மெக்கானிக் தெர்மோஸ்டாட் வால்வை (தண்ணி சூட்டைப் பொறுத்து ரேடியேட்டர் வழியைத் திறந்து மூடுறது) கழற்றிப் பார்த்தார், மாற்றம் இல்லை. இப்போ ஹெட் கேஸ்கட் (எஞ்சின் பிளாக்குக்கும் மேல் மூடியான ஹெட்டுக்கும் நடுவில் இருக்கிற அடைப்புத் தகடு) போயிருக்கும், ஹெட்டை இறக்கணும்னு சொல்றார். கத்திரி வெயில் வரப்போகுது. அவ்வளவு செலவு பண்ணும் முன்னாடி நானே பார்க்கக்கூடிய சோதனை என்னென்ன?

பாடி_டீசல்:

ஹெட்டில் இப்போதைக்குக் கை வைக்க விடாதீங்க. நீங்க சொன்ன அறிகுறியே பாதி பதிலைச் சொல்லுது.

டிராஃபிக்கில் நிக்கும்போது ஹீட் ஆகி, ஓடும்போது இறங்கினா காத்து பத்தலைன்னு அர்த்தம்: ஃபேன், கப்ளிங், ஃபேனைச் சுத்தி இருக்கிற கவர், ரேடியேட்டர் முகத்தில் அடைஞ்ச தூசி. உங்க வண்டியில் நேர் எதிர். 60ல் எதிர்காத்து தாராளமா கிடைக்குது, ஆனாலும் ஏறுது. அப்போ தண்ணி ஓட்டம் பத்தலை, இல்லைன்னா ரேடியேட்டரால சூட்டை வெளியே தள்ள முடியலை. ஹெட் கேஸ்கட்டும் லோடில் ஹீட் காட்டும், அதனால அதை முதல்ல தீர்த்துடுங்க. காலையில் எஞ்சின் முழுசா ஆறியிருக்கும்போது செய்யணும்.

ரேடியேட்டர் மூடியைத் திறந்து கழுத்து வரை நிரப்புங்க. ஃபேன் பெல்ட்டைக் கழற்றிடுங்க, வாட்டர் பாடி (தண்ணியைச் சுத்த விடுற பம்ப்) சுத்தக்கூடாது. சுத்தினா அது கிளப்புற குமிழைப் பார்த்து ஏமாந்துடுவோம். ஸ்டார்ட் பண்ணி ஒரு நிமிஷம் மட்டும் ஓடவிட்டு, நடுவில் ரெண்டு மூணு தடவை ரெய்ஸ் பண்ணுங்க. விடாம சின்னச் சின்னக் குமிழ் வந்துக்கிட்டே இருந்தா, இல்லை தண்ணி பொங்கி வெளியே வந்தா, சிலிண்டரில் எரிஞ்ச வாயு தண்ணிக்குள்ள இறங்குது. ஆரம்பத்தில் ஒண்ணு ரெண்டு குமிழ் வந்து நின்னுட்டா அது தங்கியிருந்த காத்துதான். ஒரு நிமிஷத்துக்கு மேல பெல்ட் இல்லாம ஓட்டாதீங்க.

அப்புறம் பெல்ட்டை மாட்டி, மூடியைப் போட்டு, மறுபடி ஸ்டார்ட் பண்ணி மேல் ஹோஸைப் பிடிச்சுப் பாருங்க. தண்ணி இன்னும் சூடே ஆகலை, ஆனா ஹோஸ் கல்லு மாதிரி இறுகுதுன்னா கேஸ்கட் மேல சந்தேகப்படலாம். ரெண்டு சோதனையிலும் ஒண்ணும் தெரியலைன்னா அதை ஓரமா வெச்சிட்டு இதைப் பண்ணுங்க:

எஞ்சின் சூடானதும் ஒருத்தர் 2500 ஆர்பிஎம் வரை ரெய்ஸ் பண்ணட்டும், நீங்க கீழ் ஹோஸைப் பாருங்க, ஃபேனுக்குக் கை போகாம. அது உள்பக்கம் உறிஞ்சிக்கிட்டுச் சப்பையானா வாட்டர் பாடி நல்லா இழுக்குது, ரேடியேட்டர்தான் அந்த அளவுக்குத் தண்ணி கொடுக்கலைன்னு புரிஞ்சுக்கலாம். ஹோஸ் நைஞ்சிருந்தாலோ உள்ளே இருக்கிற ஸ்பிரிங் துருப்பிடிச்சுப் போயிருந்தாலோ கூட சப்பையாகும், அதனால ஹோஸையும் அமுக்கிப் பாருங்க. வண்டி ராத்திரி ஆறின பிறகு ஹோஸ் சப்பையா இருந்தா அது வேற கதை, மூடியில் இருக்கிற சின்ன வாக்குவம் வால்வு ஒட்டிக்கிச்சு.

கடைசியா, இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் ஒண்ணு வாங்குங்க. லோடோட ஓட்டி முள் ஏறினதும் ஓரங்கட்டி, எஞ்சினை 1500ல் வெச்சு, மேல் ஹோஸ் சேரும் இடம், கீழ் ஹோஸ் புறப்படும் இடம் ரெண்டையும் குறிச்சுக்கங்க. பளபளப்பான பித்தளையிலும் அலுமினியத்திலும் அந்த மீட்டர் குறைச்சலா காட்டும், கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி அது மேல அடிங்க. பிறகு ரேடியேட்டர் முகத்தில் இடமிருந்து வலமா நாலு விரல் இடைவெளியில் அடிச்சுக்கிட்டே போங்க. மேல் டேங்க், கீழ் டேங்க் இருக்கிற ரேடியேட்டரில் குழாய் நெட்டுக்குத்தா ஓடும். அடைச்ச குழாய் இருக்கிற பட்டை மட்டும் சில்லுன்னு தனியா தெரியும்.

மேலுக்கும் கீழுக்கும் வித்தியாசம் ரொம்பக் கம்மின்னா காத்துப் பக்கம் குறை. வித்தியாசம் ரொம்ப அதிகம்னா தண்ணி மெதுவா ஓடுது.

அம்பத்தூர்_ஒர்க்‌ஷாப்:

சார், தெர்மோஸ்டாட்டை எடுத்ததைப் பத்தி யாரும் சொல்லலை. நம்ம ஊர்ல ஹீட்னு வண்டி வந்தாலே முதல்ல அதைக் கழற்றித் தூக்கி எறியறாங்க. இந்தப் பழக்கம் போகணும்.

பல டீசல் எஞ்சின்ல தெர்மோஸ்டாட்டுக்கு ரெண்டு தட்டு. மேல் தட்டு ரேடியேட்டர் வழியைத் திறக்கும்போது, கீழ் தட்டு இறங்கிப் பைபாஸ் வழியை மூடும். வால்வையே எடுத்துட்டா பைபாஸ் நிரந்தரமா திறந்தே கிடக்கும். சூடான தண்ணியில் ஒரு பங்கு ரேடியேட்டருக்கே போகாம சுத்தி மறுபடி எஞ்சினுக்குள்ள வந்துடும். லோடில் ஹீட் குறையாது, கூடத்தான் செய்யும். காலி வண்டியில் இதுக்கு நேர்மாறா எஞ்சின் சூடே ஏறாம ஓடும்: டீசல் முழுசா எரியாது, ஆயில் கெடும், லைனர் (சிலிண்டரோட உள்சுவர்) தேயும், மைலேஜ் இறங்கும். உங்க எஞ்சினில் பைபாஸ் எப்படின்னு ஹவுசிங்கைத் திறந்து பாருங்க. எப்படி இருந்தாலும் வால்வைத் திரும்பப் போடணும்.

பழசு கையில் இருந்தா சோதிச்சுப் பார்த்துப் போடலாம். பாத்திரத்தில் தண்ணி வெச்சு, வால்வை நூலில் கட்டித் தொங்கவிடுங்க, அடியில் முட்டக்கூடாது. தெர்மாமீட்டர் போட்டு மெதுவா சூடேத்துங்க. 82னு அடிச்சிருந்தா ஏறக்குறைய அந்தச் சூட்டில் திறக்க ஆரம்பிக்கணும், 95 வரும்போது முழுசா, சுமார் 8 மி.மீ. திறந்திருக்கணும். அடுப்பை அணைச்சா முழுசா மூடணும். லேசா இடைவெளி விட்டு நின்னாலும் புதுசு வாங்கிடுங்க. மாட்டும்போது அதில் ஆடுற சின்ன ஆணி மேல்பக்கம் இருக்கணும், காத்து அது வழியாத்தான் வெளியேறும்.

மாதவரம்_பிக்கப்:

சொன்னதெல்லாம் பார்த்தாச்சு. குமிழ் இல்லை, ஹோஸ் ஸ்டார்ட்டிங்கில் இறுகலை. 2500ல் கீழ் ஹோஸ் நல்லாவே உள்ளே போகுது, ஹோஸ் கெட்டியாத்தான் இருக்கு. மேலே 97, கீழே 61. டிரைவர் சீட் பக்க ஓரத்தில் ஒரு சாண் அகலத்துக்கு, மேலிருந்து கீழ் வரைக்கும் 45-50தான் காட்டுது. மூடியோட ரப்பர் வெடிச்சு அதில் மூடி உட்கார்ற வளையத் தடம் பள்ளமா விழுந்திருக்கு. தெர்மோஸ்டாட் 82ல் ஒழுங்கா திறக்குது.

ஒருத்தர் அலுமினியம் ரேடியேட்டர் புதுசு போடச் சொல்றார், இன்னொருத்தர் இதையே ராடு போட்டா (குழாய்க்குள்ள கம்பி விட்டு அடைப்பை எடுத்தா) போதும்ங்கிறார். எது சரி?

பாடி_டீசல்:

36 டிகிரி வித்தியாசம், கூடவே ஹோஸ் உறிஞ்சுது, ஒரு ஓரம் சில்லுன்னு கிடக்குது. ரேடியேட்டர்தான், சந்தேகம் வேண்டாம். போர் தண்ணியில் இருக்கிற சுண்ணாம்பு சூடு பட்டதும் குழாய்ச் சுவரில் படியும். ஓரக் குழாய்களில் ஓட்டம் ஏற்கெனவே கம்மி, அதனால அங்கேதான் முதல்ல அடைக்கும். காலி வண்டிக்கு மிச்சக் குழாய் போதும், ஒரு டன் ஏத்தி பாலம் ஏறும்போது போதாது.

ராடு போடலாமாங்கிறது ஃபின்னோட, அதாவது குழாய்களுக்கு நடுவில் இருக்கிற மெல்லிய தகடுகளோட, நிலைமையைப் பொறுத்தது. விரல் நகத்தால் ஃபின்னை லேசா தேய்ங்க. விறைப்பா நின்னா ராடு போடலாம். பொடியா உதிர்ந்தா, இல்லை குழாயோட ஒட்டுற இடத்தில் பச்சை பூத்து விட்டுப்போயிருந்தா, உள்ளே எவ்வளவு சுத்தம் பண்ணினாலும் பிரயோஜனம் இல்லை, சூடு குழாயிலிருந்து ஃபின்னுக்குப் போகவே போகாது. காசிமேடு, எண்ணூர் பக்கம் ஓடின வண்டிகளில் உப்புக்காத்துல இது சகஜம். அப்படின்னா கோரை, அதாவது குழாயும் ஃபின்னும் சேர்ந்த நடுப்பகுதியை, மாத்தணும், அதே குழாய் வரிசை எண்ணிக்கையில். மூணு வரிசைக்குப் பதிலா ரெண்டு வரிசைக் கோரைத் தலையில் கட்ட விடாதீங்க.

ராடு போடுறவர் மேல் டேங்க்கோட ஈயத்தை உருக்கிக் கழற்றி, ஒவ்வொரு குழாய்க்குள்ளும் தட்டைக் கம்பி விட்டு எடுக்கணும். டேங்க்கைக் கழற்றினதும் நீங்க நேர்ல போய்ப் பாருங்க, வெள்ளையா அடைச்ச வாய் எத்தனைன்னு கண்ணுக்கே தெரியும். வெறும் கெமிக்கல் ஊத்திக் கழுவிட்டுக் கொடுத்தா அது ராடு இல்லை. மூடிட்டு ஒரு பார் காத்து ஏத்தித் தண்ணித் தொட்டியில் முக்கிக் காட்டச் சொல்லுங்க. அலுமினியமும் தப்பில்லை, ஆனா பிளாஸ்டிக் டேங்க் வெடிச்சா ஈயம் வெச்சு ஒட்ட முடியாது, தூக்கிப் போடணும். ஃபின் நல்லா இருந்தா நான் செம்பையே காப்பாத்துவேன்.

ரேடியேட்டர் வெளியே இருக்கும்போது ரெண்டு வேலையை விட்டுடாதீங்க. பிளாக் பக்கத்தில் இருக்கிற டிரெயின் பிளக்கைக் கழற்றி, தெர்மோஸ்டாட் இல்லாம மேலிருந்து சாதாரண ஹோஸ் தண்ணி விட்டுத் தெளிவா வர்ற வரைக்கும் கழுவுங்க. துளை துருச் சேறால அடைச்சிருந்தா கம்பியால் குத்தினாத்தான் வரும். அந்தச் சேறு உள்ளேயே இருந்தா ராடு போட்ட ரேடியேட்டருக்குள்ள நேரா போய் உட்காரும். காஸ்டிக் சோடா எதுவும் விடாதீங்க, அலுமினிய ஹவுசிங்கை அரிச்சுடும். ரெண்டாவது, வாட்டர் பாடி ஷாஃப்டைப் பிடிச்சு ஆட்டிப் பாருங்க. ஆட்டம் இருந்தாலோ, அடியில் இருக்கிற சின்னத் துளையில் கூலன்ட் காய்ஞ்ச கறை இருந்தாலோ மாத்திடுங்க.

திருவொற்றியூர்_லோடு:

குறையுற அரை லிட்டருக்கு மூடிதான் காரணம். 0.9 பார் மூடி ஒழுங்கா அடைச்சா வெறும் தண்ணியே 118 டிகிரி போலத்தான் கொதிக்கும். ரப்பர் போனா 100லேயே ஹெட்டைச் சுத்தி ஆவியாகி, இருக்கிற தண்ணியைப் பாட்டிலுக்குத் தள்ளிடும். ஆறும்போது திரும்ப இழுக்கவும் முடியாது, வெடிச்ச ரப்பர் வழியா காத்துதான் உள்ளே வரும். பாட்டில் நிறைஞ்சும் ரேடியேட்டர் குறைஞ்சும் இருக்கிறது அதனாலதான். புது மூடியில் பழைய அதே எண் அடிச்சிருக்கணும், சென்னை ஜிபி ரோடு ஸ்பேர் கடைகளில் கிடைக்கும். 1.1 கிடைச்சதுன்னு அதைப் போடாதீங்க, பழைய ஈயத் தையல் தாங்காது. பாட்டிலுக்குப் போற மெல்லிய ஹோஸில் கீறல் இருக்கான்னும் பாருங்க.

கூலன்ட் ஐஎஸ் 5759 (கூலன்ட்டுக்கான இந்தியத் தர எண்) போட்டதா, கான்சன்ட்ரேட் (தண்ணி கலக்காதது) வாங்குங்க. கழுவின பிறகு பிளாக்கில் கொஞ்சம் தண்ணி தங்கியே இருக்கும். அதனால மொத்தக் கொள்ளளவில் பாதியை முதல்ல கான்சன்ட்ரேட்டா ஊத்திட்டு, மீதியை டிஸ்டில்ட் வாட்டரால் நிரப்புங்க. 8 லிட்டர்னா 4 லிட்டர். ரெடிமிக்ஸ் வாங்கி ஊத்தினா தங்கின தண்ணியில் நீர்த்துப்போகும். கேன் தண்ணியிலும் உப்பு இருக்கு, அதுவும் வேண்டாம். பாதிக்கு மேல கான்சன்ட்ரேட் போட்டா சூடு சுமக்கிற திறன் குறையும். வேற கலர் கூலன்ட்டை மேலே கலக்காதீங்க. லீக்குக்கு மஞ்சத்தூள், அடைப்புப் பவுடர்னு யார் சொன்னாலும் கேக்காதீங்க, ராடு போட்ட குழாய் மறுபடி அடைச்சுக்கும்.

நிரப்பும்போது வண்டி மூக்கு கொஞ்சம் மேலே தூக்கி நிக்கணும். ஹீட்டர் இருந்தா டேப்பைத் திறந்து வெச்சு மெதுவா ஊத்துங்க, மேல் ஹோஸை அமுக்கி அமுக்கி விடுங்க. மூடி போடாம ஸ்லோவில் ஓடவிட்டா, தெர்மோஸ்டாட் திறந்ததும் மேல் ஹோஸ் சட்டுனு சூடாகி மட்டம் இறங்கும். அப்போ எஞ்சினை நிறுத்தி, நிரப்பி மூடிடுங்க. மறுநாள் காலையில் ஆறின எஞ்சினில் திறந்து பாருங்க, கொஞ்சம் குறைஞ்சிருக்கும், அவ்வளவுதான். சூட்டில் மட்டும் மூடியில் கை வைக்காதீங்க.

பாடி_டீசல்:

எல்லாம் மாட்டினதும் பெல்ட் நடுவில் கட்டைவிரலால் அமுக்கினா 10-12 மி.மீ. போகணும், அதுக்கு மேல தொய்ஞ்சிருந்தா வாட்டர் பாடி வழுக்கும். அதே லோடோட அதே பைபாஸ் ஓட்டி, டேப் ஒட்டின அதே இடங்களில் மீட்டர் அடிச்சு இங்கே போடுங்க. மேலுக்கும் கீழுக்கும் 8லிருந்து 15 டிகிரிக்குள்ள வந்து, சில்லுன்னு இருந்த ஓரமும் மத்த இடத்தோட சேர்ந்துட்டா ரேடியேட்டர் வேலை முடிஞ்சது. முகம் முழுக்க ஒரே சீரா இருந்தும் வித்தியாசம் 25க்கு மேலேயே நின்னா வாட்டர் பாடியைக் கழற்றி உள்ளே இம்பெல்லர் இறக்கையைப் பாருங்க. கூலன்ட் இல்லாம வருஷக்கணக்கா ஓடின வண்டியில் அது அரிச்சுத் தேஞ்சிருக்க வாய்ப்பு உண்டு.