ஃப்ரிஹிலியானா: அந்த வெள்ளைக்கு வயது என்ன?

பயணப்பை:
போன மாதம் தென் ஸ்பெயின் போய் வந்தேன். நெர்ஹா கடற்கரையிலிருந்து 6 கி.மீ. மேலே ஏறினால் ஃப்ரிஹிலியானா. மலைச்சரிவில் பாலைக் கொட்டியது போல ஓர் ஊர். முஸ்லிம்கள் ஆண்ட காலத்து வெள்ளை ஊரை இத்தனை நூற்றாண்டுகளாக அப்படியே காப்பாற்றுகிறார்கள். ஆகஸ்ட் கடைசியில் 'மூன்று பண்பாடுகள் விழா' வேறு: கிறிஸ்தவர், முஸ்லிம், யூதர் மூவரும் சேர்ந்து வாழ்ந்ததன் நினைவாக. பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டிய ஊர்.

பழங்கணக்கு:
அந்த ஊரின் சந்துகள் முஸ்லிம் காலத்துப் பழையவைதான், மறுக்கவில்லை. ஆனால் 'அப்படியே காப்பாற்றுகிறார்கள்' என்பது இடிக்கிறது. அந்தச் சந்துகளைப் போட்டவர்களின் பேரப்பிள்ளைகளை ஊரில் விட்டுவைக்கவில்லையே! 1492-இல் ஸ்பெயினின் கடைசி முஸ்லிம் அரசான கிரனாடா கிறிஸ்தவ அரசர்களிடம் விழுந்தபோது மதத்தில் கைவைக்க மாட்டோம் என்று ஒப்பந்தம். பத்து ஆண்டுக்குள் கட்டாய மதமாற்றம். 1567-இல் ஸ்பெயின் மன்னர் இரண்டாம் பிலிப் அரபு மொழி, உடை, குளியல்கூடம் எல்லாவற்றுக்கும் தடை போட்டார். 1568 கிறிஸ்துமஸ் சமயத்தில் மொரிஸ்கோக்கள், அதாவது மதம் மாற்றப்பட்ட முஸ்லிம்கள், கிளர்ந்தார்கள். 1569 ஜூனில் ஃப்ரிஹிலியானாவுக்கு மேலே உள்ள பாறைக்குன்றில் மன்னரின் தளபதி ரெக்கெசென்ஸின் படை அவர்களை முறியடித்தது. தப்பாமல் சிக்கிய பெண்களும் குழந்தைகளும் அடிமைகளானார்கள். யூதர்களை அதற்கு முன்பே, 1492-லேயே நாட்டைவிட்டு விரட்டியாயிற்று. இதில் யார் யாரோடு சேர்ந்து வாழ்ந்தார்கள்?

பயணப்பை:
சார், அந்தப் போரை ஊர் மறைக்கவில்லையே. பழைய தெருக்களில் பீங்கான் ஓடுகளில் போர்க்கதையை எழுதிச் சுவரில் பதித்திருக்கிறார்கள், நானே நின்று பார்த்தேன். தன் ஊரில் நடந்த கொடுமையைச் சுவரில் எழுதிவைக்கும் ஊர்கள் எத்தனை?

பழங்கணக்கு:
ஓடு பதித்தது நல்ல காரியம், ஒப்புக்கொள்கிறேன். விழாப் பெயரில்தான் பூசி மெழுகுகிறார்கள்.

சுண்ணாம்புக்காளவாய்:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும், நான் கட்டட வேலைக்காரன். வெள்ளையை ஆளாளுக்கு முஸ்லிம் காலம் என்கிறீர்கள். சுண்ணாம்புப் பூச்சு அப்போதும் இருந்தது, சரி. ஆனால் ஊர் மொத்தமும் வெள்ளையாக ஆனது பெரும்பாலும் பிற்கால வழக்கம். 1800-ஐ ஒட்டித் தென் ஸ்பெயின் துறைமுகங்களான காடிஸிலும் மாலகாவிலும் மஞ்சள் காய்ச்சல் ஆட்களை அள்ளிக்கொண்டு போனது. கிருமி என்றால் என்னவென்று அப்போது தெரியாது, ஆனாலும் நோய்க்குப் பயந்து சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கும் பழக்கம் வலுத்தது. காரத்தன்மையால் அது கிருமியைக் கொல்லும், வெயிலையும் திருப்பி அனுப்பும். வருடா வருடம் அடித்து அடித்துப் பூச்சு தடிக்கும், சுவர் மூலைகள் மழுங்கும். படத்தில் அந்த வீடுகள் கையால் பிசைந்தது போலத் தெரிவது அதனால்தான். செவில்லாப் பக்கம் மொரோனில் இன்றும் பழைய முறையில் சுண்ணாம்பு சுடுகிறார்கள், 2011-இல் யுனெஸ்கோ அதைப் பாராட்டியது.

பயணப்பை:
அப்போ நான் பார்த்தது 500 வருட வெள்ளை இல்லையா? வீட்டில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேனே!

பழங்கணக்கு:
உண்மையிலேயே தொடர்ந்து வருவது வேறொன்று: கரும்பு. அரபுக்காரர்கள் கொண்டுவந்த பயிர். ஊர் நுழைவில் பெரிய பழைய கட்டடம் பார்த்திருப்பீர்கள், 'இன்ஹேனியோ'. பிரபு குடும்பத்தின் மாளிகை, இன்று கரும்புப்பாகு ஆலை. அந்தக் கடற்கரையில் கரும்புச் சாகுபடியே நின்றுபோயும் பாகு காய்ச்சுவது நிற்கவில்லை.

பயணப்பை:
அதைத்தான் பொரித்த கத்தரிக்காய் மேல் ஊற்றித் தந்தார்கள்! சரி, வெள்ளை விஷயத்தில் தோற்றேன். விழா விஷயத்தில் இல்லை. விரட்டப்பட்டவர்களின் பெயரை வருடத்தில் நாலு நாளாவது தெருவில் சொல்கிறார்கள்.

பழங்கணக்கு:
அந்த நாலு நாளில் 1569 பற்றி மேடையில் ஒரு பேச்சாவது இருந்தால் சொல்லுங்கள், நானும் டிக்கெட் போடுகிறேன்.