சக், சக்கை, சுழல்கவ்வி

நண்பர்களுக்கு வணக்கம்.

ட்ரில்லின் முனையில் துளையிடும் அலகை (பிட்டை) இறுக்கிப் பிடிக்கும் 'சக்' பகுதிக்குத் தமிழ்ச்சொல் கேட்டுத் தொடங்கிய இந்த இழையில் கவ்வி, பற்றி, பிடிப்பான், இடுக்கி என்று நான்கு சொற்கள் வந்துவிட்டன. சக் என்றே இருக்கட்டும், பட்டறையில் எல்லோருக்கும் புரியும் என்றும் ஒருவர் எழுதியிருந்தார். நான் இரண்டு வாரமாக எதுவும் எழுதவில்லை. என் வீட்டு பேட்டரி ட்ரில்லில் அதே உறுப்புதான் பழுதாகிக் கிடந்தது. போன ஞாயிற்றுக்கிழமை கழற்றி மாற்றினேன். உதவிக்கு என் தங்கை மகன் நின்றான், பதினேழு வயது. அவனிடம் இதைக் கொடு, அதைப் பிடி, அந்தப் பக்கம் திருப்பு என்று ஓயாமல் சொல்ல வேண்டியிருந்தது. அப்போது நான்கு சொற்களையும் மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்தேன். கையில் எண்ணெயும் தூசியுமாக இருக்கும்போது சொன்னால் அடுத்தவருக்குச் சட்டென்று புரிகிறதா என்பதுதான் ஒரு கருவிச்சொல்லுக்கு உண்மையான சோதனை என்று நினைக்கிறேன்.

முதலில் பழுதைச் சொல்கிறேன். பிட்டை மாட்டி இறுக்கினால் நிற்கும். சுவரில் அழுத்தியதும் பிட் நின்றுவிடும், சக் மட்டும் சுழலும். உள்ளே பார்த்தால் மூன்று தாடைகளில் ஒன்று மற்ற இரண்டைவிடப் பின்தங்கியே வந்தது. கான்கிரீட் சுவரில் மேல்நோக்கித் துளையிட்டபோது கொட்டிய தூசி அத்தனையும் நேரே உள்ளே போய் மரையில் அடைத்திருக்கிறது. கருவியைத் தலைகீழாகப் பிடித்து, பழைய பல்துலக்கியால் தேய்த்து, தையல் மிஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டு, திறந்து மூடித் திறந்து மூடிப் பார்த்தேன். தூசி மட்டும்தான் காரணம் என்றால் இதிலேயே பாதிப் பழுதுகள் சரியாகிவிடும். என்னுடையதில் அந்தத் தாடையின் மரை தேய்ந்தே போயிருந்தது. மாற்றுவதைத் தவிர வழியில்லை.

இப்போது சொற்களுக்கு வருகிறேன்.

சக் என்றே வைத்துக்கொள்வதில் எனக்கு உள்ள சிக்கல், அது பிறமொழிச் சொல் என்பதல்ல. அது வேற்றுமை உருபைத் தாங்கவில்லை. 'சக்கைக் கழற்று' என்று எழுதிப் பாருங்கள். கரும்புச்சக்கையும் புளிச்சக்கையும்தான் நினைவுக்கு வரும். 'சக் தேய்ந்துவிட்டால் புதிய சக்கை வாங்கவும்' என்று ஒரு பழுதுபார்ப்புக் குறிப்பில் அச்சடித்தால் யாருக்கு என்ன புரியும்? இரண்டாம் வேற்றுமையில் உருக்குலையும் சொல்லை வைத்துக்கொண்டு செய்முறைக் குறிப்பு எழுத முடியாது. செய்முறைக் குறிப்பு என்பதே முழுக்க முழுக்க இரண்டாம் வேற்றுமைதான்: இதைக் கழற்று, அதை மாட்டு.

'பற்றி'யும் அதே சோதனையில் விழுகிறது. 'பற்றியைப் பற்றி' என்று எழுத நேரும். பேச்சிலோ 'பற்றி மாற்று' என்றால் எதைப் பற்றி என்று கேட்பார்கள். இடுக்கி நல்ல சொல்தான், ஆனால் அதற்கு ஏற்கெனவே வேலை இருக்கிறது. பாத்திரம் இறக்குவதற்கும் நகைப்பட்டறையில் சிறு துண்டு எடுப்பதற்கும் வைத்திருக்கிற இரு கைக் கருவி அது. பிடிப்பானை நான் சொன்ன உடனேயே கைவிட்டேன். ட்ரில்லின் கைப்பிடியும் பிடி, அதைப் பிடிப்பதும் பிடி. 'பிடியைப் பிடித்துக்கொண்டு பிடிப்பானைத் திருகு' என்றதும் பையன் அப்படியே நின்றான்.

மீதி இருப்பது கவ்வி. நாய் எலும்பைக் கவ்வுகிறது, பூனை குட்டியைக் கவ்வுகிறது. விடாப்பிடியும் வாயும் அந்த வினைக்குள்ளேயே இருக்கின்றன. முன்மொழிந்த ஐயாவுக்கு என் நன்றி. வேர்ச்சொல் இதுதான் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் வேலைக்கு நடுவே ஒன்று நடந்தது. ட்ரில் உருளாமல் இருக்க அதை மேசையோடு சேர்த்து ஒரு கிளாம்ப் போட்டு நிறுத்தியிருந்தேன். 'கவ்வியைக் கொஞ்சம் தளர்த்து' என்றேன். அவன் கிளாம்ப்பைத் தளர்த்தினான். கருவி சரிந்து மேசை விளிம்புக்குப் போய்விட்டது, நல்லவேளையாகக் கையில் பிடித்தேன். தவறு அவனுடையதல்ல. கிளாம்ப்பும் கவ்வத்தான் செய்கிறது. கிளாம்ப்புக்கும் கவ்வி என்று பலர் எழுதிவருகிறோம்.

இரண்டுக்கும் என்ன வேறுபாடு என்று அங்கேயே உட்கார்ந்து யோசித்தேன். கிளாம்ப் கவ்விக்கொண்டு அசையாமல் நிற்கும். சக் கவ்வியதையும் சேர்த்துக்கொண்டு சுழலும். லேத்தில் (கடைசல் இயந்திரத்தில்) இருக்கும் சக்கும் அப்படியே. அங்கே கவ்வப்படுவது வெட்டும் அலகு அல்ல, கடைய வேண்டிய பொருள். ஆனாலும் கவ்விக்கொண்டு சுழல்வது மாறவில்லை. ஆகவே என் முன்மொழிவு: சுழல்கவ்வி.

சுழற்கவ்வி என்று ஏன் புணர்ச்சி செய்யவில்லை என்று கேட்பீர்கள். சுழற்பந்து என்று விளையாட்டுப் பக்கங்களில் எழுதுகிறார்களே என்றும் கேட்கலாம். நான் இதை வினைத்தொகையாகக் கொள்கிறேன். சுழன்ற கவ்வி, சுழல்கின்ற கவ்வி, சுழலும் கவ்வி. வினைத்தொகையில் லகரம் றகரமாகத் திரியாது. அப்புறம், 'சுழல்கவ்வி' என்றால் முதல்முறை கேட்பவருக்கும் இரண்டு பாகமும் தனித்தனியாகக் காதில் விழுகிறது. உருபுகளும் தயங்காமல் ஏறுகின்றன: சுழல்கவ்வியைக் கழற்று, சுழல்கவ்வியில் தூசி, சுழல்கவ்விக்கு எண்ணெய்.

கூடவே வேறு சில சொற்களும் தேவைப்பட்டன. அவற்றில் ஒன்றில் நான் இடறியதால் அதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

சுழல்கவ்வியின் வாயை முழுதாகத் திறந்து உள்ளே விளக்கு அடித்துப் பார்த்தால் அடியில் ஒரு திருகாணி தெரியும். எல்லாக் கருவியிலும் இல்லை, பெரும்பாலானவற்றில் உண்டு. அதை வழக்கம்போல் இடப்பக்கமாகத் திருப்பிக் கழற்றப் பார்த்தேன். அசையவில்லை. இன்னும் பலமாகத் திருப்பினேன், தலையின் பள்ளம் மழுங்கத் தொடங்கிவிட்டது. பிறகுதான் அது லெஃப்ட் த்ரெட் என்பது நினைவுக்கு வந்தது. வலப்பக்கமாக, கடிகார முள் போகும் திசையில் திருப்பினால்தான் கழலும். காரணம் எளியது. சுழல்கவ்வி வழக்கமான மரையில் ஏறியிருக்கிறது. கருவியைப் பின்னோக்கி ஓட்டும்போது அது கழன்றுவரப் பார்க்கும். அப்படிக் கழலத் தொடங்கினால் உள்ளே இருக்கும் இந்தத் திருகாணி இன்னும் இறுகும், கவ்வியை விடாது. வேண்டுமென்றே எதிர்த்திசையில் வெட்டிய மரை அது.

இதற்கு 'இடம்புரித் திருகாணி' என்று எழுதலாம் என்று முதலில் நினைத்தேன், கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் வேண்டாம். நாம் வலம்புரி என்று போற்றுகிற அரிய சங்கு, விலங்கியல் கணக்கில் இடச்சுருள் கொண்டது. சாதாரணச் சங்குதான் வலச்சுருள். சங்கைப் பிடித்துப் பார்க்கும் முறை வேறு என்பதால் பெயர் மாறி நிற்கிறது. அதாவது வலம்புரிச் சங்கின் சுருளும் லெஃப்ட் த்ரெட்டின் சுருளும் ஒரே பக்கம் போகின்றன. புரி என்ற சொல்லை இங்கே கொண்டுவந்தால் தெரிந்தவருக்கே குழப்பம். இடமரை, வலமரை போதும். மரை கழன்றது என்று பேச்சில் சொல்லாதவர் யார்?

கவ்வி ஏறியிருக்கும் தண்டுக்கு, அதாவது ஸ்பிண்டிலுக்கு, புதுச்சொல் தேட வேண்டியதே இல்லை. நூற்பாலைகளில் இத்தனை ஆயிரம் கதிர்கள் என்று செய்தித்தாள்களில் படித்துக்கொண்டுதான் இருக்கிறோம். ராட்டையிலும் கதிர்தான். சுழலும் தண்டுக்கு நம்மிடம் இருக்கும் சொல்லை ட்ரில்லுக்கும் நீட்டுவோம்.

அடுத்தது அளவு. கடையில் '3/8 சக்' என்று கேட்டால் கடைக்காரர் எதை எடுத்துத் தருவார்? கவ்வக்கூடிய பிட்டின் உச்ச அளவும் 3/8 அங்குலமாக இருக்கலாம், அதைத்தான் 10 மி.மீ. என்றும் சொல்கிறார்கள். கதிரின் மரை விட்டமும் 3/8 அங்குலமாக இருக்கலாம். 10 மி.மீ. கவ்வும் சுழல்கவ்விகளிலேயே, 3/8 அங்குல விட்டத்தில் அங்குலத்துக்கு 24 மரை கொண்டதும் உண்டு, அரை அங்குல விட்டத்தில் 20 மரை கொண்டதும் உண்டு. ஒன்றின் மேல் மற்றது ஏறவே ஏறாது. முதல் அளவைக் கவ்வளவு என்றும் இரண்டாவதைக் கதிரளவு என்றும் பிரித்துச் சொன்னால் கடைக்கு இரண்டு நடை நடக்க வேண்டியதில்லை. பழைய கவ்வியின் பக்கத்தில் இரண்டு அளவும் பொறித்திருப்பது வழக்கம், தூசியைத் துடைத்தால் தெரியும்.

உங்கள் கருத்துகளுக்குக் காத்திருக்கிறேன்.

---

நண்பர்களுக்கு,

ஐந்து நாளில் நிறைய மறுமொழிகள் வந்திருக்கின்றன. ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன்.

> மேக்னடிக் சக் சுழல்வதில்லையே? அதற்கும் சுழல்கவ்வியா?

சரியான கேள்வி. சமதளச் சாணை இயந்திரத்தில் படுத்திருக்கும் அந்தக் காந்தப் பலகை சுழலாது, முன்னும் பின்னும் போய்வரும். அதற்குத் தாடையும் இல்லை. ஆங்கிலம் ஒரே பெயரைக் கொடுத்துவிட்டதால் நாமும் ஒரே பெயரைக் கொடுக்க வேண்டும் என்று கட்டாயமா? அதைக் காந்தமேடை என்று சொல்லலாம். பார்த்தாலும் மேடைதான்.

> தாடை இரண்டுதானே இருக்கும்? மூன்று என்பதால் விரல் என்று வைக்கலாம்.

விரல் என்ற சொல் எனக்கும் பிடித்தது. மூன்று விரலால் உப்பு எடுப்பதுபோலத்தான் அது பிட்டைப் பிடிக்கிறது. ஆனால் 'விரல் உள்ளே சிக்கிக்கொண்டது' என்று பட்டறையில் ஒருவர் கத்தினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். சுழலும் கருவியில் உடலுறுப்பின் பெயரை, அதுவும் உண்மையிலேயே சிக்கக்கூடிய உறுப்பின் பெயரை வைக்கக் கூடாது. தாடைக்கு அந்த ஆபத்து இல்லை. அகராதியில் கொடிறு என்றொரு பழஞ்சொல் இருக்கிறது. தாடைக்கும் அதுதான் பெயர், பற்றுக்குறட்டுக்கும் அதுதான் பெயர். இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது என்று ஒரு மாலை முழுக்க மகிழ்ந்திருந்தேன். தெரிந்த லேத் பட்டறையில் ஐந்து பேரிடம் சொன்னேன், ஒருவருக்கும் பொருள் தெரியவில்லை. தாடை என்றதும் ஐவருக்கும் புரிந்தது. கொடிற்றை மனமில்லாமல்தான் விடுகிறேன்.

'கம்பியில்லாத் துளைப்பான்' என்று எழுதிய நண்பருக்கு: கம்பியில்லா என்றால் வயர்லெஸ் என்று நெடுநாளாகப் பழகிவிட்டோம். இல்லாத கம்பியைச் சொல்வதைவிட இருக்கும் பேட்டரியைச் சொல்லலாமே. மக்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். மின்கலத் துளைப்பான் என் தெரிவு. இலங்கை நண்பர் நினைவூட்டிய துறப்பணத்தையும் சேர்த்துக்கொள்வோம். தச்சர்களின் பழைய சொல் அது, மின்கலத் துறப்பணம் என்றால் இன்னும் கம்பீரமாக இருக்கிறது.

சாவி போட்டு இறுக்கும் வகையையும் கையால் இறுக்கும் வகையையும் எப்படிப் பிரிப்பது என்று ஓர் அம்மா கேட்டிருந்தார். ஆர்தர் ஜேக்கப்ஸ் 1902இல் காப்புரிமை பெற்ற வடிவத்தின் வழியில் வந்தது, பல்வைத்த சாவியால் இறுக்குவது. அது சாவிச் சுழல்கவ்வி. பேட்டரி ட்ரில்களில் இப்போது வருவது பெரும்பாலும் கைச் சுழல்கவ்வி. 'சாவியில்லா' என்று எதிர்மறையில் போக வேண்டாம்.

ரன் அவுட்டுக்கு மட்டும் இன்னும் எனக்கு நிறைவான சொல் அமையவில்லை. நேரான கம்பியைக் கவ்வ வைத்து ஓட்டினால் அதன் முனை ஒரே இடத்தில் நிற்க வேண்டும். வட்டம் போட்டால் பழுது. பட்டறையில் 'அவுட் அடிக்குது' என்கிறார்கள். மையப்பிசகு என்று இப்போதைக்கு எழுதுகிறேன், இதைவிட நல்லது இருந்தால் சொல்லுங்கள்.

கடைசியாக, இந்தச் சொற்களை வைத்து ஒரு குறிப்பு எழுதிப் பார்த்திருக்கிறேன்:

'மின்கலத்தைக் கழற்றி எடுத்துவிடவும். சுழல்கவ்வியின் தாடைகளை முழுதாகத் திறந்து, உள்ளே உள்ள இடமரைத் திருகாணியை வலப்பக்கமாகத் திருப்பிக் கழற்றவும். வேகத்தை 1இல் வைக்கவும். பெரிய ஆலன் சாவி (L வடிவ அறுகோணச் சாவி) ஒன்றின் குட்டைக் கையைத் தாடைகளில் கவ்வ வைத்து, நீண்ட கை பக்கவாட்டில் நீட்டியிருக்குமாறு நிறுத்தவும். முன்னிருந்து பார்க்கையில் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழலும்படி, நீண்ட கையின் முனையில் கொட்டாப்புளியால் சட்டென்று ஓர் அடி அடிக்கவும். கழலாவிட்டால் பலத்தைக் கூட்ட வேண்டாம், பல்சக்கரம் கெடும். மரைப்பசை (மரை தானாகக் கழலாமல் இருக்க இடும் பசை) இளகும்வரை சுழல்கவ்வியின் அடியைச் சூடுகாட்டிவிட்டு மறுபடி அடிக்கவும். கதிரைத் துடைத்து, அதே கதிரளவுள்ள புதிய சுழல்கவ்வியைக் கையால் ஏற்றி இறுக்கவும். இடமரைத் திருகாணியில் ஒரு சொட்டு மரைப்பசை வைத்து, இடப்பக்கமாகத் திருப்பி இறுக்கவும். நேரான கம்பியைக் கவ்வ வைத்து மையப்பிசகு இருக்கிறதா என்று பார்க்கவும்.'

ஆலன் சாவியைப் பட்டறைகளில் எல்.என். கீ என்கிறார்கள், அதையும் குறிப்பில் சேர்க்கலாமா என்று யோசிக்கிறேன். உங்களில் யாரிடமாவது இதே பழுதுள்ள கருவி இருந்தால், கருவிகளோடு பழக்கமில்லாத ஒருவரிடம் இதை வாசித்துக் காட்டி, அவரையே கழற்றச் சொல்லுங்கள். எந்த வரியில் அவர் கை நின்றது என்று எழுதினால் போதும், அந்த இடத்துச் சொல்லை மாற்றிவிடலாம்.