கையில் 3,500 வெள்ளி (ரிங்கிட்): புது ஹோண்டா இஎக்ஸ்5 பைக்கை லோனில் எடுப்பதா, 2018 வேவை ரொக்கத்தில் வாங்குவதா?

மாக் மண்டின் தம்பி:
எல்லாருக்கும் வணக்கம். அடுத்த மாசம் பினாங்குத் தீவில் பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் வேலைக்குச் சேர்றேன், ஷிப்ட் வேலை. வீடு அக்கரையில் பட்டர்வொர்த், தினமும் பினாங்குப் பாலம் தாண்டணும். சேர்த்து வச்சது 3,500 வெள்ளி. கடையில் புது இஎக்ஸ்5 எல்லாம் சேர்த்து 5,600 சொன்னாங்க. 600 டெபாசிட், மிச்சம் 5,000 நாலு வருஷ லோன், வட்டி 10 விழுக்காடு. அப்பாவுக்குத் தெரிஞ்சவர் ஒருத்தர் தன்னோட 2018 ஹோண்டா வேவ் 125-ஐ 3,000-க்குத் தர்றேங்கிறார். ஒரே ஓனர். அப்பா அதுவே போதும்ங்கிறார். அம்மா புதுசுதான் எடுக்கணும்னு ஒத்தைக் கால்ல நிக்கிறாங்க. எதை எடுக்கலாம்?

நைட் ஷிப்ட் அக்கா:
அம்மா சொல்றதைக் கேளு தம்பி. நானும் அதே வழியில்தான் வேலைக்குப் போறேன். பாலம் 13.5 கிலோமீட்டர், அதில் 8 கிலோமீட்டருக்கு மேல கடல்தான். நடுவில் வண்டி நின்னா தள்ளிக்கிட்டுப் போய்ப் பட்டறையில் விட முடியாது. பக்கத்தில் லாரி போகும்போது அடிக்கிற காத்துல நிக்கவே பயமா இருக்கும், அதுவும் விடியற்காலை மழைன்னா சொல்லவே வேணாம். புது ஆள் நீ. முதல் மாசமே லேட்டானா அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் போயிரும், சூப்பர்வைசர் கண்ணுலயும் படுவே. புது வண்டின்னா கொஞ்ச வருஷத்துக்கு ஆயில், செயின், டயர் பார்த்தா போதும்.

பிறை பட்டறை:
அக்கா சொல்ற பாலத்தை வச்சே நான் பேசுறேன். இஎக்ஸ்5-இல் முன்னாலயும் பின்னாலயும் டிரம் பிரேக். வேவ் 125-இல் முன்னாடி டிஸ்க். மழையில் லாரி திடீர்னு பிரேக் பிடிச்சா எதை நம்புவீங்க? 2025 ஜனவரியிலேருந்து ஏபிஎஸ் (பிரேக் பிடிச்சா சக்கரம் பூட்டிக்காம தடுக்கிறது) கட்டாயம்னு வந்த சட்டம் 150 சிசியும் அதுக்கு மேலயும் உள்ள புது மாடலுக்குத்தான். இந்த சின்ன வண்டிகளுக்கு அது கிடையாது. அதனால ‘புதுசு, அதனால பாதுகாப்பு’ங்கிற கணக்கு இங்கே செல்லாது. எதிர்க்காத்துல 125 இழுக்கிற இழுவையும் வேற. வழியில் நின்னு என் பட்டறைக்கு வர்ற வண்டிகளுக்கு பெரும்பாலும் காரணம் டயர், செயின், பேட்டரிதான். பார்க்காம விட்டா புதுசும் நிக்கும்.

சுங்கை பாக்காப்:
லோன் கணக்கை யாரும் போட்டுக் காட்டலையே. இந்த 10 விழுக்காடு ஃபிளாட் வட்டின்னா கடைசி வரைக்கும் முழு 5,000-க்கும் வட்டி. நீ பாதி கட்டி முடிச்ச பிறகும் அதே வட்டிதான். வருஷம் 500, நாலு வருஷத்துக்கு 2,000. மொத்தம் 7,000-ஐ 48 மாசத்தால் வகுத்தா மாசம் 146 வெள்ளி. குறையுற கடனுக்கு மட்டும் வட்டி போடுற முறையில் பார்த்தா இது 17 விழுக்காட்டைத் தாண்டும். டெபாசிட்டோட சேர்த்து 5,600 வண்டிக்கு 7,600 கொடுக்கிறே. அந்த 2,000-இல் வேவுக்கு எத்தனை டயர், எத்தனை செயின் செட் மாத்தலாம்னு யோசி. ரொக்கத்தில் வாங்கு, கடனே வேணாம்.

நைட் ஷிப்ட் அக்கா:
கணக்கு சரி, ஆனா பாதிக் கணக்கு. வேவ் வாங்கின அன்னைக்கு அவன் கையில் மிஞ்சுறது 500. பேர் மாத்தணும், இன்சூரன்ஸ் எடுக்கணும், ஹெல்மெட், மழைக்கோட்டு. முதல் சம்பளம் வர்றதுக்குள்ள எஞ்சின்ல ஏதாவது போச்சுன்னா யார்கிட்ட போய் நிப்பான்? புதுசு எடுத்தா 2,900 கையில் இருக்கும். மாசம் 146 ரெண்டு நாள் ஓவர்டைம் செஞ்சா வந்திரும். கையில் காசு இல்லாம பழைய வண்டி ஓட்டுறதுதான் எனக்குப் பயம்.

செபராங் ஜெயா:
எதுக்கு இவ்வளவு சண்டை? சம்போங் பாயார்ல (அடுத்தவர் லோனை நாம தொடர்ந்து கட்டுறது) யமஹா ஒய்15 பைக் எடு. ஆயிரம் கையில் கொடுத்தா போதும், மிச்ச மாசத் தவணையை நீ கட்டு. பசங்க நிறைய பேர் அப்படித்தான் ஓட்டுறாங்க.

பிறை பட்டறை:
தயவுசெஞ்சு அந்தப் பக்கமே போகாதே தம்பி. கிராண்ட்ல (வண்டிப் பதிவுப் பத்திரம்) பேர் வண்டியை விடுறவனோடது, கடன் அவனோடது, ஓட்டுறது நீ. நீ கட்டக் கொடுக்கிற காசை அவன் கட்டாம விட்டா வண்டியை இழுத்துட்டுப் போவாங்க, உன் காசு போனது போனதுதான். விபத்துன்னா இன்சூரன்ஸ் சிக்கல் தனி.

நைட் ஷிப்ட் அக்கா:
இதில் பட்டறை அண்ணன் பக்கம்தான் நானும்.

சுங்கை பாக்காப்:
அக்கா சொன்ன கையிருப்பு விஷயம் நியாயம்தான், ஒத்துக்கிறேன். அப்படின்னா புதுசுக்கும் நாலு வருஷம் இழுக்காதே. டெபாசிட் 2,000 போடு, கடன் 3,600, ரெண்டே வருஷம். வட்டி 720, மாசம் 180, கையில் 1,500 மிஞ்சும். ஆனா ஒண்ணு, நீ இன்னும் வேலைக்கே சேரலை. லோன் கொடுக்கிறவங்க வழக்கமா மூணு மாச பே ஸ்லிப் கேட்பாங்க, இல்லேன்னா அப்பா ஜாமீன் கையெழுத்துப் போடணும். நீ தவறினா அவர் தலையில் விழும். வேலையில் நிலைக்கிறதுக்கு முன்னாடி அவரை அதில் மாட்டாதே.

மாக் மண்டின் தம்பி:
அது எனக்குத் தோணவே இல்லை அண்ணே. அப்பாவுக்கு ஏற்கெனவே வீட்டு லோன் ஓடுது. சரி, வேவைப் போய்ப் பார்க்கணும்னா என்னென்ன பார்க்கணும்?

பிறை பட்டறை:
காலையிலேயே போ. வர்றதுக்கு முன்னாடி ஸ்டார்ட் பண்ண வேணாம்னு அவர்கிட்ட சொல்லிடு. போனதும் முதல்ல எஞ்சின் மேல கையை வை. சூடா இருந்தா ஏற்கெனவே ஓட்டி வச்சிருக்காங்கன்னு அர்த்தம், ஏன்னு கேளு. பச்சைத் தண்ணி மாதிரி இருக்கிற எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி எக்ஸாஸ்டைப் பாரு. நீலப் புகை வந்துக்கிட்டே இருந்தா ஆயில் எரியுது, ரிங் இல்லேன்னா வால்வ் சீல் போயிருக்கு. அந்த விலைக்கு வேணாம். அப்புறம் முன் ஃபோர்க் குழாயை விரலால் துடைச்சுப் பாரு, எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டினா சீல் கசியுது. நடு ஸ்டாண்ட் போட்டு, பின்னால ஒருத்தரை அழுத்தச் சொல்லி, முன் சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலை மெதுவா இடதும் வலதும் திருப்பு. நேரா வர்ற இடத்துல ‘டக்’னு பிடிச்சா கோன் செட் (ஹேண்டில் பேரிங்) தேய்ஞ்சிருக்கு. இது சின்னச் செலவுதான், விலையில் குறைக்கச் சொல்லலாம். டயர் பக்கத்துல நாலு எண் இருக்கும். 2319-னு இருந்தா 2019-இன் 23-ஆவது வாரம் செஞ்சது. பட்டன் (டயர் மேல இருக்கிற வெட்டு) நல்லா இருந்தாலும் அவ்வளவு பழைய டயரோட மழையில் பாலம் ஏறாதே. சீட்டைத் தூக்கி ஒயர் சாக்கெட்டுகள்ல பச்சை படிஞ்சிருக்கா, மூலையில் காய்ஞ்ச சேறு இருக்கா பாரு. இருந்தா வெள்ளத்துல நின்ன வண்டியா இருக்கலாம், தொடாதே.

சுங்கை பாக்காப்:
பேப்பரையும் பாரு. சேசிஸ் நம்பர், எஞ்சின் நம்பர் ரெண்டும் கிராண்டோட ஒத்துப் போகணும். பழைய லோன் முடிஞ்சு, லோன் கொடுத்தவங்க வண்டி மேல வச்ச உரிமையை (கிளைம்) நீக்கியாச்சான்னு கேளு. சம்மன் (போக்குவரத்து அபராதம்) பாக்கி இருக்கான்னு முன்னாடியே ஆன்லைன்ல தட்டிப் பாரு. பேர் மாத்தி முடிக்கிறதுக்கு முன்னாடி முழுக் காசும் கொடுக்காதே.

நைட் ஷிப்ட் அக்கா:
லோன் கிடைக்காத நிலைமைன்னா நான் பிடிவாதம் பிடிக்கலை. ஆனா 3,000-க்கு வாங்காதே. 2,700-க்குப் பேசு, கையில் குறைஞ்சது 800 வச்சுக்கோ. இன்னொண்ணு, தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் மட்டும் எடுத்தா வண்டி திருட்டுப் போனா ஒரு காசும் வராது. நல்ல டிஸ்க் லாக் வாங்கிப் போடு. இந்த வேவுக்கு என் மனசு இன்னும் முழுசா சம்மதிக்கலை, மூணு மாசம் கழிச்சு பே ஸ்லிப் வந்ததும் திரும்பக் கேளு.

மாக் மண்டின் தம்பி:
சரிங்க அக்கா, 2,700 கேட்டுப் பார்க்கிறேன். ஞாயித்துக்கிழமை காலையில் அப்பாவோட போறேன், அம்மாவும் வர்றாங்களாம்.

பிறை பட்டறை:
ஞாயிறு என் பட்டறை மூடியிருக்கும். அவர் ஒத்துக்கிட்டா சனிக்கிழமை மத்தியானம் வண்டியைப் பிறைக்குக் கொண்டு வா, நானே பார்த்துச் சொல்றேன். அம்மாவையும் கூட்டிட்டு வா.